அங்கதானே, இங்க இல்லையே

2020 பெப்ரவரி கடைசியில் பலெர்மோவில் இருந்து மச்சாள் போன் எடுத்தா. பெர்கமோவில் இருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்ணுக்குக் கொரோனாவாம். இத்தாலியின் வடக்கில், கொதோஞ்ஞோவில், நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் ஆளைக் கண்டுபிடித்து நாலைந்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பிளேன் ஏறி சிசிலிக்கு வந்துவிட்டது. "ஒரு ஆள்தானே" என்றேன்.

அதே கிழமை சூரிச்சில் இருக்கும் அக்கா. மிலானுக்குப் போய்வந்த ஒரு முதியவருக்குச் சுவிஸின் தெற்கே, தெசின் மாநிலத்தில் உறுதியாம். "அது மலைக்கு அங்கால, எங்களுக்குத் தூரம்." எங்கள் குடும்பம் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடப்பதால், வருத்தம் எந்த ஊருக்கு வந்தாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அது பக்கத்து வீட்டுச் செய்திதான், தங்கள் வீட்டுச் செய்தி இல்லை.

பிரான்சில் அது மூலூஸ் நகரில் ஒரு கிறிஸ்தவ சபைக் கூட்டத்தில் பரவியது. வந்தவர்கள் ஊர் ஊராகத் திரும்பிப் போனார்கள்; கோர்சிகாத் தீவுக்கும், கடல் தாண்டிப் பிரெஞ்சுக் கயானாவுக்கும்கூட. பாரிசில் நாங்கள், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 14, சனிக்கிழமை. றெஸ்ரோறன்ற் நிறைய ஆட்கள். குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, முதலாளி போனோடு உள்ளே வந்தார். பிரதமர் இப்போதுதான் அறிவித்தாராம்: இன்றிரவு 12 மணியோடு றெஸ்ரோறன்றும் அத்தியாவசியமில்லாத எல்லாக் கடையும் பூட்டு. பிறிட்ஜில் இருந்ததை எல்லோரும் பிரித்துக்கொண்டோம். எனக்கு முப்பது முட்டையும் ஆறு பெட்டி கிறீமும். அந்தக் கிறீமில் சொதி வைத்துப் பார்த்தேன். யாரும் செய்ய வேண்டாம்.

அடுத்த நாள் நகரசபைத் தேர்தல் மட்டும் நடந்தது. கடை பூட்டு, வாக்குச்சாவடி திறப்பு; இது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய் மதியம் முதல் ஊரடங்கு; வெளியே போக, ஏன் போகிறோம் என்று நாங்களே எழுதிய ஒரு கடிதம் வேண்டியிருந்தது. பிரிண்டர் இல்லை, கையால் எழுதினேன். மகன் எழுத்துப்பிழை திருத்தினான். கடிதம் இல்லாவிட்டால் 135 யூரோ தண்டம். ஒருநாள் பாண் வாங்கப் போகையில் பொலிஸ் மறித்தது. கடிதத்தில் வெளிக்கிட்ட நேரம் எழுத மறந்திருந்தேன். பேனை கேட்டேன். அவன் சட்டைப் பையில் இருந்த பேனையைத் தொட்டுப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வாங்கோ" என்பதுபோல் தலையை ஆட்டினான். தண்டம் எழுதவில்லை. போனேன்.