வீட்டு அழகுக் குறிப்புகளில் நான் வைத்திருப்பதும் விட்டதும்

முடி வெட்டிக்கொள்ள மட்டும்தான் இப்போது பார்லருக்குப் போகிறேன். மற்ற செலவெல்லாம் நின்றுவிட்டது. எப்படி என்று கேட்பவர்களிடம், க்ரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். பல க்ரீம்களில் முதலில் இருப்பது தண்ணீர். அடுத்த சில பெயர்களுக்குள் கிளிசரின் வந்துவிடும்.

அந்தக் கிளிசரின் மருந்துக் கடையிலேயே தனியாகக் கிடைக்கிறது. முகம் கழுவியதும், ஈரம் காயும் முன், சில துளிகளை நனைந்த உள்ளங்கையில் கலந்து பூசிக்கொள்வேன். கிளிசரின் நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்திவைக்கும். தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் கலந்து வைப்பதில்லை. பதப்படுத்தும் பொருள் இல்லாவிட்டால் கிருமி வளரும். குதிகாலுக்கும் உதட்டுக்கும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். தோல் அரித்தால், ஓட்ஸை மாவுபோல் அரைத்து வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊற்றிக்கொள்வேன். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003-லேயே இந்த ஓட்ஸ் மாவைத் தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றிருக்கிறது.

எலுமிச்சையை மட்டும் முகத்தில் தடவாதீர்கள், தயவுசெய்து! அதன் சாற்றின் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டியது, தோலுடையது 5-ஐ ஒட்டியது. சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமே வரலாம். சமையல் சோடாவும் வேண்டாம், அது எதிர்ப்பக்கமான காரத்துக்கு இழுக்கும்.

அப்புறம், சன்ஸ்கிரீன். அதை வீட்டில் செய்யவே முடியாது. மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்குவது அதைத்தான்.