தம்பியின் அறுவை சிகிச்சை: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

மூன்றாவது மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லை. தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. 2010 முதல் உலக அளவில் வரையறையே இதுதான். இரண்டாவது மருந்து பலிக்காதபோதே தம்பியை அறுவை சிகிச்சைக்கு ஆராய அனுப்பியிருக்க வேண்டும். யாரும் அனுப்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 19

வீடியோ ஈ.ஈ.ஜி. மூளையின் மின்னலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதிவுசெய்யும் சோதனை. மருந்தைக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தோம். நேற்று மாலை வந்தது. "அக்கா, வயித்துலேர்ந்து மேல ஏறுது" என்றான். அப்புறம் கண் நிலைகுத்தியது. வாய் எதையோ மென்றது. வலது கை முறுக்கிக்கொள்ள, இடது கை சட்டைப் பொத்தானை நிமிண்டிக்கொண்டே இருந்தது. தெளிந்த பிறகும் நர்ஸ் காட்டிய பேனாவுக்குப் பெயர் வர வெகுநேரம் பிடித்தது. வலிப்பு கிளம்புவது மூளையின் இடது டெம்போரல் பகுதியில், அதாவது காதையொட்டிய பக்கத்தில்தான் என்று அதிலேயே தெரிகிறதாம். எம்.ஆர்.ஐ.யிலும் அதன் உட்புறம் நினைவுக்கு உதவும் இடது ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது.

மார்ச் 6

மண்டையைத் திறந்து டெம்போரல் மடலின் முன்பகுதியை எடுப்பதுதான் பழகிய வழி. 2001இல் வெளியான கனடா ஆய்வில் 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். மருந்துப் பிரிவில் ஒருவர் இறந்தும்போனார். இதைப் படித்தபின் 'ஆபரேஷன் ஆபத்தாச்சே' என்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: சும்மா இருப்பதும் ஆபத்துதான்.

மார்ச் 14

மற்ற வழிகளையும் கேட்டோம். மண்டையைத் திறக்காமல் பாய்ச்சும் காமா கதிர் வேலைசெய்ய மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை வலிப்பு தொடரும். மூளைக்குள் வைக்கும் தூண்டல் கருவிகள் வலிப்பைக் குறைக்கும், முழுவதும் நிறுத்துவது அபூர்வம். இரண்டு பக்கமும் வலிப்பு கிளம்புகிறவர்களுக்கு அவை வரப்பிரசாதம். இவனுக்கு ஒரே பக்கம்.

மிஞ்சியது லேசர். பின்மண்டையில் சிறு துளையிட்டு, மெல்லிய இழையை ஹிப்போகாம்பஸின் நீளவாக்கில் செலுத்தி, எம்.ஆர்.ஐ.யில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே சுடுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் வலிப்பு முற்றிலும் நிற்பது பாதிப் பேருக்கோ சற்று அதிகமானவர்களுக்கோதான். திறந்து செய்தால் அந்த வாய்ப்பு கூடுதல். பார்வையின் மேல் மூலை ஓரளவு மறையும் அபாயம் இரண்டிலும் உண்டு.

மார்ச் 22

நினைவாற்றல் சோதனை. சொற்பட்டியலை அரைமணி கழித்துக் கேட்டபோது ஏறக்குறைய முழுதும் சொன்னான். எனக்கு ஒரே பெருமை. மருத்துவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நினைவு நன்றாக இருப்பவருக்கு இடது பக்கத்தில் கைவைத்தால் இழப்பும் அதிகம். திறந்து செய்தால் ஆட்கள், பொருட்களின் பெயர்கள் சட்டென வராமல் போகலாம். லேசரில் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைவு. சொல் நினைவுக்கு அதுவும் உத்தரவாதமில்லை, சுடுவது அதே ஹிப்போகாம்பஸைத்தானே.

நான் திறந்து செய்வதன் பக்கம்தான் இருந்தேன். வலிப்பு நின்றால் போதும் என்பது என் கணக்கு. தம்பி பள்ளியில் பாடம் நடத்துகிறவன். "பிள்ளைங்க பேரு வரலைன்னா நான் எப்படிக்கா வகுப்புல நிக்கிறது?" என்றான். வாதாட மனம் வரவில்லை.

ஏப்ரல் 2

லேசர் என்று முடிவாகிவிட்டது. வலிப்பு நிற்காவிட்டால் பிறகு திறந்து செய்ய முடியுமா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். முடியும், அந்த வழி அடைபடாது என்றார் மருத்துவர். எது எப்படியானாலும் மாத்திரையை உடனே நிறுத்த முடியாது. வண்டி ஓட்டுவதைப் பற்றி ஓராண்டாவது கழித்துத்தான் பேச்சு. தம்பி சரி என்று கையெழுத்துப் போட்டான்.