எங்கிருந்து வந்த பெக்கேஜ் என்று முதலில் பாருங்கள்

உபுண்டு லினக்ஸின் 22.04 வெர்ஷனிலிருந்து 24.04-க்கு ஏறிய பிறகு, பெக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) ஏற்றி இறக்குகிற கருவியான ஆப்ட் முரண்டு பிடித்தால் பெரும்பாலான ஆட்கள் செய்வது ஒன்றுதான். பிழைச் செய்தியை அப்படியே கூகிளில் போட்டு, முதலில் கிடைக்கிற கட்டளையை டெர்மினலில் ஒட்டி, என்டரைத் தட்டுவது. அதில் 'ஃபோர்ஸ்' என்று ஒரு சொல் இருந்துவிட்டால் இன்னும் நம்பிக்கை. தயவுசெய்து வேண்டாம். ஆப்ட் சொல்வது பெரும்பாலும் அடி வாங்கியவனின் பெயரைத்தான், அடித்தவன் யார் என்று நாம்தான் தேட வேண்டும்.

திருகோணமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிநேகிதன் ஒருவன் பிரிண்ட், போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறான். பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வருகிற ஆட்களின் விண்ணப்பப் படிவம், இப்படி நாள் முழுக்க அச்சுதான். அப்கிரேட் முடிந்த கையோடு எனக்குப் போன் எடுத்தான். "மச்சான், பிரிண்டர் வேலை செய்யுதில்ல. வேற எதை இன்ஸ்டோல் பண்ணப் போனாலும் அதுக்கும் விடுதில்ல."

நடந்தது இதுதான். பிரிண்டர் கம்பனியின் தளத்திலிருந்து எப்போதோ இறக்கிப் போட்ட டிரைவர் அப்கிரேடின்போது கழற்றப்பட்டிருக்கிறது. இவன் அதன் பழைய டெப் ஃபைலை, அதாவது பெக்கேஜ் ஃபைலைத் தேடி எடுத்து, ஆப்டுக்கு அடியில் வேலை செய்கிற டிபிகேஜி (dpkg) மூலம் நேரடியாக ஏற்றியிருக்கிறான். அந்த டிரைவர் எல்எஸ்பி-கோர் (lsb-core) என்ற பெக்கேஜைக் கேட்கிறது. 22.04-இல் அது இருந்தது, 24.04-இன் களஞ்சியத்தில், அதாவது ஆப்ட் பெக்கேஜ்களை எடுக்கிற இணையக் கிடங்கில், இல்லை. டிபிகேஜி தானாகப் போய் எதையும் கொண்டுவராது, டிரைவரைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடும். அந்தப் பாதி வேலை கிடக்கிற வரைக்கும் ஆப்ட் வேறு எதையும் ஏற்ற விடாது. பிரிண்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெக்கேஜைக் கேட்டாலும் அதே பிழைதான் வரும், அதுதான் ஆளைக் குழப்புகிறது.

இந்த இடத்தில் ஃபிக்ஸ்-புரோக்கன் கட்டளையைக் (apt --fix-broken install) கொடுத்தால் டிரைவரையே நீக்கப்போவதாக ஆப்ட் சொல்லும். எல்லோரும் பயந்து 'என்' (N, வேண்டாம்) அடிப்பது இங்கேதான். நீக்கட்டும், விடுங்கள். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே அந்தப் பிரிண்டருக்கான டிரைவர் இருந்தது, அதைப் போட்டதும் அச்சு வந்துவிட்டது. பழைய வெர்ஷனின் எல்எஸ்பி-கோர் டெப்பை எங்கிருந்தாவது பிடித்து வந்து திணிக்கச் சொல்லுகிற அறிவுரைகளும் இணையத்தில் கிடைக்கும். அதைச் செய்தால் அடுத்த அப்கிரேடில் இதே கூத்து இரண்டு மடங்காக நடக்கும்.

எந்தச் சிக்கலிலும் நான் முதலில் தட்டுவது 'ஆப்ட் பாலிசி' (apt policy), அதன் பின்னால் பெக்கேஜின் பெயர். இப்போது ஏறியிருக்கிற வெர்ஷன், ஏறக்கூடிய வெர்ஷன், அதற்குக் கீழே எது எங்கிருந்து வருகிறது என்ற அட்டவணை, எல்லாம் வரும். சாதாரணக் களஞ்சியத்திலிருந்து வருவதற்கு 500 என்று எண் இருக்கும். ஏறியிருக்கிற வெர்ஷனுக்கு நேரே 100 என்ற ஒரே ஒரு வரி, அதுவும் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் ஃபைலை மட்டும் காட்டினால், இந்த வெர்ஷனை இப்போது எந்தக் களஞ்சியமும் தரவில்லை, அது நம் மெஷினில் மட்டும் அநாதையாகக் கிடக்கிறது என்று அர்த்தம். குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

அடுத்த பெரிய தலைவலி பிபிஏ (PPA), அதாவது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே மற்றவர்கள் நடத்துகிற களஞ்சியம். அப்கிரேட் செய்யும்போது வெளிக் களஞ்சியங்களை உபுண்டு அணைத்துவிடும், ஆனால் அங்கிருந்து வந்த பெக்கேஜ்கள் அப்படியே இருக்கும். கடை மெஷினில் லிப்ரேஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருள் பிபிஏவிலிருந்து வந்தது, 24.04 தருவதைவிட உயர்ந்த வெர்ஷன். ஆப்ட் தானாக வெர்ஷனைக் கீழே இறக்காது. லிப்ரேஆபீஸின் துண்டுகளோ ஒன்றோடொன்று ஒரே வெர்ஷனில் இருந்தாக வேண்டியவை, ஆகவே புதிதாக ஒரு துண்டைச் சேர்க்கப் போனதும் மோதல். பிபிஏ-பர்ஜ் என்ற கருவி இதற்குத்தான் இருக்கிறது, ஆனால் பிபிஏ உயிரோடு இருக்கும்போதே, அதாவது அப்கிரேடுக்கு முன்னால் ஓட்டுவதுதான் சுகம். அணைந்த பிறகு ஓட்டினால் பட்டியலைக் காணவில்லை என்று கையை விரிக்கும். நான் லிப்ரேஆபீஸை முழுக்க நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அமைப்புகள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதால் ஒன்றும் போகவில்லை. பாமினி எழுத்துருக்களும் அங்கேதான் இருந்தன, தப்பின. (இன்னும் பாமினியில் ஃபைல் கொண்டுவருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது வேறு அழுகை.)

அப்புறம் இந்த 't64' விஷயம், அதாவது பெயரின் கடைசியில் டி64 என்று ஒட்டியிருக்கிற பெக்கேஜ்கள். வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். 32 பிட்டில் நேரத்தை எண்ணுகிற முறை 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும் என்பதால், சில 32 பிட் கட்டமைப்புகளுக்காக அதை 64 பிட்டாக மாற்றினார்கள், அந்த மாற்றத்தில் அகப்பட்ட லைப்ரரிகளின், அதாவது மற்ற மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்துகிற துண்டுகளின், பெயரும் மாறியது. நம் 64 பிட் மெஷினுக்கு அந்த ஆபத்து இல்லாவிட்டாலும் பெயர் மாற்றம் வந்து சேர்ந்துவிட்டது. ஒலிக்கான லிப்அசவுண்ட்2 (libasound2) லைப்ரரியைக் கேட்டால் அது வெறும் பெயர்தான், தருகிறவர்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஆப்ட் சொல்லும். டி64 உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது.

உயர்தரத்தில் ஐசிடி எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: 24.04-இல் பைத்தான் 3.12. பைத்தான் பெக்கேஜ்களை ஏற்றுகிற பிப் (pip) உங்களை உள்ளே விடாது, வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிற சூழல் என்று மறுக்கும். வென்வ் (venv) ஒன்று, அதாவது சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் சூழல் ஒன்று உருவாக்கி அதற்குள் போடுங்கள். பழைய பைத்தானுக்கு சிஸ்டத்தின் இணைப்பைத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம், ஆப்டைச் சுற்றியுள்ள பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

அப்கிரேடை இரவு டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள், கிகாபைட் கணக்கில் இழுக்கும். யூபிஎஸ் இல்லாத மெஷின் என்றால் கரண்ட் நிலைமையைப் பார்த்துத் தொடங்குங்கள். நடுவில் நின்றுபோனால் திரும்ப ஏற்றியதும் முதலில் டிபிகேஜியைக் கொண்டு பாதியில் நின்றவற்றை கன்ஃபிகர் செய்யவிட்டு (dpkg --configure -a), பிறகு ஃபிக்ஸ்-புரோக்கன். 'ஒய்' (Y, சரி) அடிப்பதற்கு முன்னால் நீக்கப்படும் பட்டியலை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே வாசியுங்கள், அதில் டெஸ்க்டொப்பை முழுதாகக் கொண்டுவருகிற உபுண்டு-டெஸ்க்டொப் என்ற பெயரைக் கண்டால் உடனே 'என்'.