அளாப்பாதை!

2007-இல் வளசரவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, தரகர் ஒருவர் "ரெண்டு கிரவுண்டு இடம்மா, நல்ல காத்தோட்டம்" என்றார். கிரவுண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது விளையாட்டு மைதானம் மட்டும்தான். போய்ப் பார்த்தால் எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடி. கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் இடம். சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையில் இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அளவு சந்து. சென்னையில் மனை அளக்கிற அளவுதான் கிரவுண்டு, 2,400 சதுர அடி என்று அப்புறம்தான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்லுவோம். ஒரு பரப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அங்கே ஒரு வளவுக்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை, மிச்சமெல்லாம் மண்.

கூட வந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளையள் எங்கை விளையாடுறது?" எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துக்கு வருகிற தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் கொழும்பு வந்து, அங்கிருந்து சென்னை வந்தவர்கள் நாங்கள். மொழி ஒன்றுதானே, பழகிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். மொழி ஒன்றுதான். ஆனால் சின்ன வயதில் கைக்குள் வைத்திருந்த பொருட்களின் பெயர்கள் எல்லாம் இங்கே வேறாக இருந்தன. எங்கள் போளை இங்கே கோலி. நாங்கள் கெந்திக் கெந்தி எட்டுக்கோடு தாண்டியது இங்கே பாண்டி. கொக்கான், அஞ்சாங்கல். கிட்டி, கில்லி. பட்டத்தைக் காத்தாடி என்கிறார்கள். எங்கள் ஊரில் காத்தாடி என்றால் பனையோலையில் செய்து ஈர்க்கில் குத்தி, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு பெயர்களும் தெரியும். கோலி அடித்து விரல் மூட்டு தேய்ந்தது மட்டும் தெரியாது.

என் சின்ன வயதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 1990-இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் பெரியவர்கள் ரேடியோ கேட்பார்கள். சுற்றுகிற வேலை எங்களுக்கு. எங்களுக்கு அதுவும் ஒரு விளையாட்டுத்தான், யார் கூட நேரம் சுற்றுவது என்று போட்டி. பின்னேரம் ஆனால் கோயில் வீதியில் கிளித்தட்டு. மணலில் காலால் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒருத்தர் மறித்து நிற்க, அவர்களில் கிளி என்கிற ஆள் நடுக்கோட்டில் ஓடும். கிளி கை தட்டியதும் ஆட்டம் தொடங்கும். கிளியிடம் அகப்படாமல் ஒவ்வொரு தட்டாகத் தாண்டிப் போய் மறுபடியும் திரும்பி வரவேண்டும். கத்தலும் கூச்சலும் ரோட்டுக் கரை வரை கேட்கும்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன். அது ஒரு வீட்டுக்கும் தொந்தரவாக இருக்கவில்லை. அம்மா குசினிக்குள் நின்று சமைத்துக்கொண்டே எங்கள் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பார். சத்தம் கேட்கிறதென்றால் வானத்தில் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். திடீரென்று சத்தம் நின்றால் ஹெலி வருகிறது, அல்லது குண்டு போடுகிற பொம்மர் வருகிறது, நாங்கள் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் ஓடிவிட்டோம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் தாய்மார்கள் பயந்தது பிள்ளைகளின் மௌனத்துக்கு.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, மழைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எனக்குப் பதினொரு வயது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறேழு குடும்பங்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முற்றத்தில் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் கோடு கிழித்துவிட்டோம். அம்மா திண்ணையில் இருந்து அழுதார். ஏன் அழுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அம்மாவின் காலத்து விளையாட்டு இன்னும் சின்னது. "பெரிய பிள்ளையானதோடை எல்லாம் நிண்டுபோச்சு" என்பார். பதின்மூன்று வயதில் கிளித்தட்டும் போச்சு, மாங்கொட்டை போடுவதும் போச்சு. வீட்டுக்குள் கொக்கானும் பல்லாங்குழியும்தான் மிச்சம். எனக்கும் ஏறக்குறைய அதே கதைதான், ஒன்றிரண்டு வருசம் கூடக் கிடைத்தது. என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. கார் நிறுத்துகிற இடத்தில் பையன்களோடு கிரிக்கெட் ஆடுகிறாள், ஸ்பின் போடுகிறாள். யாரும் அவளை "உள்ளே வா" என்று கூப்பிடுவதில்லை. பழைய காலம்தான் நல்ல காலம் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய சொத்து இது.

ஆனால் அவள் ஆடுகிற இடத்தைப் பார்க்கவேண்டும். தூண்தான் ஸ்டம்ப். கார் மேல் பட்டால் அவுட், சுவரைத் தாண்டினால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் அவுட். பந்தை ஓங்கி அடிக்கவே கூடாத ஒரு கிரிக்கெட்டை இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால்தான் பொதுத் திறந்தவெளிக்குப் பத்து சதவீதம் ஒதுக்கவேண்டும் என்று இருக்கிறது. அதுவும் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம். 3,000 சதுர மீட்டர் என்றால் பதின்மூன்று கிரவுண்டுக்கும் மேல். எங்களைப் போல ஒன்று, இரண்டு கிரவுண்டு அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கிற தெருக்களில் பிள்ளைகளுக்கென்று ஒரு அடி நிலம்கூட விட்டுவைக்க வேண்டியதில்லை. போனுக்குள் தலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் எனக்கு ஞாபகம் வரும்.

மிச்ச விளையாட்டெல்லாம் வகுப்பாகிவிட்டது. மகன் வாரத்தில் மூன்று நாள் செஸ் கிளாஸ் போகிறான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. 2024-இல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதும் அந்த ஆசை இரண்டு மடங்கானது. எனக்கும் பெருமைதான். அதே வருசம் கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கியபோது எனக்கு அதைவிடக் கூடச் சந்தோசம். கேரம் வடசென்னையில் தெருவும் சின்னச் சின்ன மன்றங்களும் வளர்த்த விளையாட்டு. தெருவே ஒரு பிள்ளைக்கு வாத்தியாராக இருக்கிற இடம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது.

பட்டக் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வாடைக்காற்றோடு பட்டக் காலம் தொடங்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றுகிற பட்டங்களைப் பார்க்க ஊரே திரளும். அண்ணா கட்டுகிற கொக்குப் பட்டத்தில் விண் இருக்கும். மூங்கில் வில்லில் நார் ஒன்றை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பொருத்துவார். ஏற்றினால் 'ங்ங்' என்று கூவும். இரவு மரத்தில் கட்டிவிட்டால் விடியும்வரை கூவும். அதைக் கேட்டுக்கொண்டே நித்திரை கொள்ளுவோம். அந்த நினைப்பில் ஒரு பொங்கலுக்கு, கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் வீடியோவில் கேட்டுக் கேட்டு மகனுக்கு ஒரு கொக்குப் பட்டம் கட்டினேன். மொட்டை மாடிக்குக் கொண்டுபோனதும் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்தார். "அக்கா, வேணாம். போலீஸ் கேஸ் ஆயிடும்."

எங்கள் நூலில் மாஞ்சா இல்லை, கண்ணாடித்தூள் பூசவில்லை, வெறும் பருத்தி நூல் என்று காட்டினேன். அவர் நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கழுத்தைக் காட்டி, பைக்கில் போன ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொன்னார், அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து வந்த குழந்தையைச் சொன்னார். நைலான் மாஞ்சாவுக்கும் செயற்கைப் பொருள் பூசிய நூலுக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை போட்டிருக்கிறது, சென்னைப் போலீசும் மாஞ்சாவைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை நியாயமானது. பட்டத்தை மடித்துக் கீழே கொண்டுவந்தோம். இப்போது அது ஹாலில், மின்விசிறிக்கு எட்டாத மூலையில் தொங்குகிறது. விண்ணை மட்டும் மகன் கழற்றி வைத்திருக்கிறான். பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்ப்பான். சில நேரம் கூவும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. என் பிள்ளைகள் அந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவை கேட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அது வயிற்றைப் பிசைகிற சொல். கீழே ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் நாள் அம்மா பால்கனியில் நின்று, "என்ன, பிள்ளையளின்ரை சத்தத்தைக் காணேல்லை?" என்றார். காரணம் தெரிந்துதான் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய், எதிரில் பாதியில் நின்ற கட்டடத்தின் ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி கல் பொறுக்கி வந்தார்.

ஐந்து கல்லைத் தெரிந்தெடுத்து, கூர் போகச் சிமெந்துத் தரையில் அரை மணி நேரம் தேய்த்தார். பிறகு கூடத்தின் நடுவில் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். முட்டி வலி உள்ளவர். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே உள்ளதை அள்ளி, இறங்குவதைப் பிடித்தார். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக. கடைசியில் ஐந்தையும் எறிந்து, கையைப் புரட்டிப் புறங்கையில் ஏந்தினார். நாலு நின்றது, ஒன்று விழுந்தது. மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவள் முறை வந்தபோது, அள்ளுகிற சாக்கில் விரலால் ஒரு கல்லைத் தள்ளினாள்.

"அளாப்பாதை!" என்றார் அம்மா.

"அப்படின்னா என்ன அம்மம்மா?"

"கள்ள விளையாட்டு விளையாடாதை எண்டு அர்த்தம்."

"ஓ, அழுகுணி ஆட்டமா!"

அந்த இரண்டு மாதத்தில் இரண்டு பேரும் நன்றாகவே பழகிவிட்டார்கள்.

ஊரடங்கு முடிந்து கொஞ்ச நாளில், கீழ்வீட்டுப் பெரியவர் விளையாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். கார் நிறுத்தத்தில் விளையாடத் தடை என்று ஒரு தாள் லிப்ட் அருகில் ஒட்டப்பட்டது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இருதய ஆபரேஷன் ஆனவர். அம்மா அவரைப் போய்ப் பார்த்தார். "ஐயா, உங்களுக்குச் சுகமில்லை, தெரியும். நீங்கள் படுக்கிற நேரத்தைச் சொல்லுங்கோ. அந்த நேரம் நான் இதுகளை மேலை வைச்சிருக்கிறன். ஆனால் முழு நாளும் சத்தம் இல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்." ஏன் என்று அவர் கேட்க, அம்மா பங்கர் கதையைச் சொன்னார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாராம்.

தாள் கிழிக்கப்பட்டது. மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று பேசி முடிவாயிற்று. நேற்று ஐந்தரைக்கு நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பால்கனி நாற்காலியில். கீழே பந்து தூணில் பட்டதா, காரில் பட்டதா என்று சண்டை. மூன்றாம் மாடிப் பையன், சென்னையைத் தாண்டி எங்கேயும் வளராத பிள்ளை, தொண்டை கிழியக் கத்தினான்: "டேய், அளாப்பாதடா!"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.