சொக்கப்ப நாயக்கன் தெரு மாடியறை

மதுரைக்கு வரும் அடியார்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மனைத் தரிசித்த கையோடு திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்கோவிலுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். கோயிலின் தெற்குக் கோபுரத்திலிருந்து சிறிது தூரத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருக்கும் ரமண மந்திரத்தைத் தேடி வருவோர் சிலரே. பகவான் ரமண மகரிஷி, வேங்கடராமன் என்னும் பள்ளிச் சிறுவனாகத் தம் சித்தப்பா சுப்பையரின் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு அது. 1879இல் திருச்சுழியில் பிறந்த அவர், 1892இல் தந்தை சுந்தரமய்யர் காலமானபின், அண்ணன் நாகசாமியுடன் சித்தப்பாவின் ஆதரவில் வளர வந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார்.

இன்று ரமணாசிரமத்தாரின் பராமரிப்பில் உள்ள அந்த வீட்டின் மாடியில் ஒரு சிறிய அறை இருக்கிறது. பகவானின் படத்தை வணங்கிவிட்டுத் தரையில் அமர்ந்தேன். தெருவில் போகும் வண்டிகளின் ஓசையும் யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைக்கும் குரலும் தெளிவாகக் கேட்டன. ஆனாலும் அவை மனத்தைக் கலைக்கவில்லை. சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, நான் வந்ததையும் அறியாதவராய்க் கண்களை மூடியபடியே இருந்தார்.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பதினாறு வயதுச் சிறுவனை மரண பயம் பற்றிக்கொண்டது இந்த மாடியில்தான். அப்போது அவருக்கு நோய் ஏதும் இல்லை. மருத்துவரையோ வீட்டுப் பெரியவர்களையோ அழைக்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. இதற்குத் தாமே, அப்போதே விடை காண வேண்டும் என்று தோன்றியது. கைகால்களை நீட்டி விறைப்பாகப் படுத்து, மூச்சை அடக்கி, ஒரு சொல்லும் வெளிப்படாதபடி உதடுகளை இறுக மூடிக்கொண்டார். இந்த உடல் இறந்துவிட்டது, இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், ஆனால் உடல் மாய்வதோடு நானும் மாய்கிறேனா என்று உள்ளே விசாரித்தவருக்கு, உடலைக் கடந்து நிற்கும் ஆன்மாவே தாம் என்பது எண்ணமாக அன்றி நேர் அனுபவமாகவே விளங்கிற்று. அன்று போன மரண பயம் அவரிடம் மீளவே இல்லை. குருவின் உபதேசமோ, சாத்திரப் படிப்போ, காட்டில் இருந்து செய்த தவமோ இன்றி, சமையலும் பள்ளிப்பாடமும் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மாடியில் இது நிகழ்ந்தது என்பதே என்னைப் போன்ற இல்லறத்தாருக்குப் பெரும் ஆறுதல்.

அதன்பின்னும் ஏறக்குறைய ஆறு வாரங்கள் அவர் இதே வீட்டில்தான் இருந்தார். உணவின் ருசி, நண்பர்களின் உறவு, படிப்பு எதிலும் பற்று இல்லாமல் போயிற்று. ஆகஸ்ட் 29ஆம் தேதி, பள்ளியில் தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதியவர், நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். "இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற கருத்தில் அண்ணன் கடிந்துகொண்டது உள்ளே தைத்தது. சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டவரிடம், தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொல்ல, சித்தி ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மூன்று ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதமும் எழுதி வைத்துவிட்டு அவர் ரயில் நிலையத்துக்கு நடந்தார். தகப்பனாரைத் (திருவண்ணாமலை அருணாசலேசுவரரையே அவ்வாறு குறிப்பிட்டார்) தேடி அவர் உத்தரவுப்படியே செல்வதாகவும், யாரும் வருந்தவோ தேடிப் பணம் செலவழிக்கவோ வேண்டாம் என்றும் எழுதிய அக்கடிதத்தில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளே இருந்தன. அனைத்தையும் துறந்து போகிறவர், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் அதில் குறித்திருக்கிறார். இதை எப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

இங்கு வருவோர் முதலில் இந்த வீட்டைத் தரிசித்துவிட்டு, பிறகே கோயிலுக்குச் செல்வது நல்லது என்பது என் எண்ணம். அந்த ஆறு வாரங்களில் பகவான் சென்ற வழி அதுவே. முன்பு எப்போதாவது நண்பர்களோடு கோயிலுக்குப் போய்வந்தவர், மாடியறை அனுபவத்துக்குப் பின் தனியாகச் சென்று, சொக்கநாதர் முன்னும், அம்மன் முன்னும், வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடும் நடராஜப் பெருமான் முன்னும் நெடுநேரம் நின்றார். நானும் அவ்வாறே சென்று, இறுதியாக அறுபத்துமூவர் வரிசையை அடைந்தேன். பெரியபுராணம் படித்து அந்த அடியார்களின் அன்பில் நெகிழ்ந்திருந்த அச்சிறுவன், அவர்களைப் போன்ற பக்தி தமக்கும் நிலைக்க வேண்டும் என்று சில வேளைகளில் இங்கே வேண்டியதுண்டாம். பெரும்பாலும் எதையும் வேண்டாமல் கண்ணீர் பெருக நின்றாராம். அன்று நான் கேட்கவென்று வீட்டுக் கவலைகள் சிலவற்றை மனத்தில் கொண்டுபோயிருந்தேன். அவற்றில் ஒன்றையும் கேட்கத் தோன்றவில்லை. நடை சாத்தும் நேரம் நெருங்கும்வரை, அறுபத்துமூவரையும் ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டே சென்றேன்.