திரித் துவக்கும் தும்புக் கயிற்றுத் தணலும்

பெட்டிக்கடை முகப்பில் சுருட்டுப் பற்றவைக்கத் தும்புக் கயிறு கனன்று தொங்கியது மட்டக்களப்பில் பலருக்கு நினைவிருக்கும். லைட்டர் வந்து அதை ஒழித்தது. 1638 மே மாதம் ஒல்லாந்தர் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த காலத்தில் துவக்குக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைத்தது இதே வித்தைதான்: சுவாலை விடாமல், அணையாமல், மெல்ல ஊரும் தணல்.

இப்படிக் கனன்று துவக்கைப் பற்றவைக்கும் கயிறுதான் திரி. ஐரோப்பியத் திரி பெரும்பாலும் கஞ்சாச் செடியின் தண்டு நாரில் முறுக்கியது. (ஆம், அதே செடிதான், புகைத்தது துவக்கு மட்டும்.) கயிற்றை வெடியுப்புக் கரைசலிலோ சாம்பல் காரநீரிலோ ஊறவைத்துக் காயவிடுவார்கள். வெடியுப்பு உள்ளிருந்தே ஒட்சிசன் கொடுப்பதால் தணல் ஒரே சீராக நகரும். உப்பு கூடினால் திரி சீறிப் பொறி தெறிக்கும். நெஞ்சில் வெடிமருந்துக் குப்பிகளைத் தொங்கவிட்டு நிற்பவனுக்கு அது யமன். முறுக்குத் தளர்ந்தால் தணல் பஞ்சுபோல் மென்மையாகி, துவக்கின் மருந்துக் கிண்ணத்தில் பட்டதும் நசுங்கி அணையும். வேண்டியது கூர்மையான, கெட்டியான தணல். திரியின் தரம் முழுக்க அந்த நுனியில்தான்.

துவக்கின் பக்கவாட்டில் பாம்புபோல் வளைந்த இரும்புக் கொக்கி. அதன் வாயில் திரியைக் கவ்வவைத்து, விசையை இழுத்தால் கொக்கி சாய்ந்து தணலை மருந்துக் கிண்ணத்தில் தொடும். பிழை நேர்வது இங்கேதான். திரி அதிகம் நீண்டால் தணல் கிண்ணத்தைத் தாண்டிப்போகும். குறுகினால் கொக்கியின் இரும்பு சூட்டை உறிஞ்சி நுனியை அணைத்துவிடும். எரிய எரியத் திரி குறைவதால் ஒவ்வொரு வெடிக்கும் முன்பு நீளம் பார்க்கவேண்டும், சாம்பலை ஊதித் தள்ளவேண்டும், ஊதும்போது கிண்ண மூடி சாத்தியிருக்கவேண்டும். மருந்து இடும்போது திரியைக் கொக்கியிலிருந்து கழற்றி இடக்கை விரலிடுக்கில் பிடிப்பார்கள். இரு நுனியும் எரியும். ஒன்று அணைந்தால் மற்றதில் பற்றவைக்கலாம்.

செலவுதான் கொடுமை. மணிக்கு ஏறத்தாழ 1 அடி எரியும். இரு நுனியும் 12 மணி நேரம் எரிந்தால் ஒருவனுக்கு 24 அடி. 100 பேருக்கு ஓர் இரவில் 2400 அடி. எந்நேரமும் எல்லாரும் எரிக்கமுடியாது, காவலுக்கு நிற்பவன் மட்டும் எரிப்பான். பீரங்கிக்காரனுக்கு இந்த நெருக்கடி குறைவு: நீண்ட கோலில் திரியைச் சுற்றி, எட்ட நின்று வெடித்துளையில் தொடுவான்.

நம்மூர் மாரியில் இதெல்லாம் இரட்டிப்புத் தொல்லை. காரநீரில் ஊறிய திரி காற்றின் ஈரத்தையே இழுக்கும். வெடியுப்புத் திரி அந்தளவு இழுக்காது. நேரே மழை விழுந்தால் இரண்டும் ஒன்றுதான்.

இருட்டில் செந்நிறப் புள்ளி ஆளைக் காட்டிக்கொடுக்கும், மணமும் காற்றோடு போகும். துளையிட்ட தகரக் குழாயில் திரியை மறைத்தது அதனால்தான். 1643 இல் இங்கிலாந்தின் லான்ஸ்டவுன் போரில் அரசரை எதிர்த்த பாராளுமன்றப் படை இதையே திருப்பிப்போட்டது: எரியும் திரிகளை மதிலில் விட்டு இரவோடிரவாக நழுவிற்று. எதிரி ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கும்வரை மதிலில் படை நிற்பதாகவே எண்ணியிருந்தான்.