மாவட்ட நீதிபதியின் பணிக்காலமும் உயர் நீதிமன்ற ஓய்வூதியமும்

சென்னையில் சிட்டி சிவில் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வருபவரின் ஓய்வூதியம் ஒரு அரசிடமிருந்து இன்னொரு அரசுக்கு மாறிவிடுகிறது. மாவட்ட நீதிபதிக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து. உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சம்பளம் மட்டும் மாநிலத்திலிருந்து. ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியின் பொறுப்பு. சிக்கல் அத்தனையும் இந்தக் கைமாற்றத்தில்தான்.

உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், பணி நிபந்தனைகள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், வழக்கறிஞராக இருந்து வந்தவர்களுக்கு முதல் பகுதி. மாநிலப் பணியிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றாம் பகுதி. முன்னவர்களுக்குப் பிரிவு 14ஏ பத்தாண்டுகளைக் கூட்டிக் கொடுத்தது. பின்னவர்கள் உண்மையாகவே உழைத்த ஆண்டுகள் பல கணக்கீடுகளில் விடுபட்டன. இது அநியாயம் என்றே சொல்வேன்.

காரணம் பெரும்பாலும் பணிமுறிவு. மாவட்ட நீதிபதி 60 வயதில் ஓய்வு பெறுகிறார். அவரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கும் பரிந்துரைக் கோப்பு டெல்லியில் இருக்கும். சில மாதம் கழித்துப் பதவியேற்பார். இடைவெளியைக் காட்டிப் பழைய பணிக்காலத்தைத் தனியாக வெட்டிவிடுவார்கள்.

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. எந்த வழியில் வந்தாலும், எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும், முழு ஓய்வூதியம்: ஆண்டுக்கு 13.5 லட்சம், தலைமை நீதிபதிக்கு 15 லட்சம். கூடுதல் நீதிபதியாக ஓய்வு பெற்றவருக்கும் அதே தொகை. பணிமுறிவு தடையாகாது. தலைமை நீதிபதி அல்லாதவருக்கு மாதக் கணக்கில் 1,12,500 ரூபாய். கடைசிச் சம்பளமான 2,25,000இல் சரிபாதி.

தொகை உறுதியாகிவிட்டது என்று காகிதங்களை விட்டுவிடக் கூடாது. பதவியேற்பதற்கு முன்பே பணிப்பதிவேட்டை எடுத்து, ஆண்டுவாரியான பணி சரிபார்ப்புக் குறிப்பு எல்லா ஊருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி ஊர் மாறும் பணி என்பதால், மாறுதல் நடந்த ஆண்டுகளில்தான் குறிப்பு விடுபடும். அப்போதே அந்தந்த நீதிமன்றத்துக்கு எழுதி வாங்கினால் சுலபம். உயர் நீதிமன்றத்திலிருந்து 62 வயதில் ஓய்வு பெறும்போது தேடினால் சம்பளப் பட்டியலே கிடைக்காது. கடைசி ஊதியச் சான்றின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

60இல் மாநில ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர், பழைய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், பெற்ற பணிக்கொடை, கம்யூட் செய்த (ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக முன்கூட்டியே மொத்தமாகப் பெற்ற) தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதி விண்ணப்பத்துடன் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே காலத்துக்கு இரண்டு அரசுகளிடமிருந்தும் பணம் வந்து, பின்னால் பிடித்தம் வரும்.

வருங்கால வைப்பு நிதிக்கு வேறு விதி. அதே 1954 சட்டத்தின் பிரிவு 20இன்படி, மாநிலப் பணியிலிருந்து வந்தவர் முன்பு கட்டிய அதே நிதியில்தான் தொடர்ந்து கட்ட வேண்டும். பழைய ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருப்பவருக்குச் சிரமமில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குத் தொடர்வதற்கு அப்படியொரு கணக்கே கிடையாது. பாட்னா உயர் நீதிமன்ற நீதிபதிகள் சிலரின் ஜி.பி.எஃப். கணக்குகள் நிறுத்தப்பட்டு, 2023இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் போனதும் இதே போன்ற சிக்கலால்தான்.

புதிய ஓய்வூதியத் திட்டத்தில் கட்டியவர்களுக்கு 2025 தீர்ப்பு வழி சொல்கிறது: நீதிபதி கட்டிய பங்கு ஈவுத்தொகையோடு அவருக்குத் திரும்ப வரும், அரசின் பங்கு அரசுக்கே போகும். எனவே ஒவ்வோர் ஆண்டின் கணக்குச் சீட்டையும் பிடித்தத் தொகையோடு ஒப்பிட்டு, விடுபட்ட வரவுகளை மாத வாரியாகக் குறித்துவையுங்கள். பிடித்தம் நடந்ததற்கு அந்த மாதச் சம்பளச் சீட்டுதான் சான்று.